பாய் கடைத் தொலைபேசி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், சவ்வாது மலையின் அடிவாரத்தே அமைந்த பேரூர் கண்ணமங்கலம். நாம் பள்ளி மாணவராயிருந்த நாளில் நம் தெருவுக்கு வாய்த்த தொலைபேசி ஒன்றே ஒன்று. மளிகைக் கடை பாயின் கல்லாப் பெட்டியருகே அது வீற்றிருக்கும். அதன் சுழல்வட்டில் சிறு பூட்டொன்று தொங்கும். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர்க்கு எழுதும் கடிதங்களிலும், திருமண அழைப்பிதழ்களிலும் அவ்வெண்ணைக் குறித்து, பக்கத்தில் 'பி.பி.' என்று இட்டுவைப்போம். முகவரி நம்முடையது; எண் பாயுடையது. அதில் எவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

மணி ஒலித்ததும் பாய், "ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவார். கடைப் பையன் ஓடுவான். எங்கே ஓட வேண்டும் என்பதைப் பாயே சொல்லி அனுப்புவார். அஸர் தொழுகை முடியும் வேளையெனில் பள்ளிவாசல் வாயில். அந்தி நேரமெனில் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடை. துயரச் செய்தி வந்தால் மட்டும் பையனை அனுப்பமாட்டார். தாமே தோளில் துண்டை இட்டுக்கொண்டு நடப்பார். அவர் தெருவில் இறங்கி நடந்தாலே பெண்டிர் வாசலுக்கு வந்து நிற்பர்.

2005இல் அமெரிக்காவில் கிராண்ட்சென்ட்ரல் என்றொரு நிறுவனம் தோன்றிற்று. 2007இல் கூகுள் அதனை விலைக்கு வாங்கி, 2009இல் கூகுள் வாய்ஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. வீடு, அலுவலகம், கைப்பேசி ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எண். அவ்வெண்ணை ஒருவர் அழைத்தால் இணையத்தின் வழியே அத்தனை கருவிகளும் ஒருசேர ஒலிக்கும். எது முதலில் எடுக்கப்படுகிறதோ அதற்கு அழைப்பு சேரும். எவர் அழைத்தால் எந்தக் கருவி ஒலிக்க வேண்டும் என்றும் வகுத்து வைக்கலாம். இதனைப் படித்தபோது வியப்பினும் சிரிப்பே நமக்கு முந்தியது. நம் பாய் இதனைத்தானே ஒரு பையனையும் ஓர் எண்ணையும் வைத்துச் செய்துவந்தார்!

நம் நாட்டில் அத்தகைய சேவை எளிதில் வேரூன்றவில்லை. இணையவழிப் பேச்சைப் பொதுத் தொலைபேசி வலையோடு இணைப்பதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. 2018இல்தான் வழி திறந்தது, அவ்வாண்டே பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'விங்ஸ்' என்னும் இணையத் தொலைபேசியைக் கொணர்ந்தது. அதற்கு முன்பே, 2011 ஜனவரி முதல், நிறுவனம் மாறினும் எண்ணை மாற்றாதிருக்கும் உரிமை நாடெங்கும் கிட்டியிருந்தது. ஆயினும் நம்மவர் நாடியது ஓர் எண்ணையன்று, பல எண்களை. ஒருவர் தம் பெயரில் ஒன்பது சிம் அட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்னும்போது, மலிவான கட்டணத்தைத் தேடித் தேடி வாங்காதார் யார்?

நாமும் வாங்கினோம். சட்டைப் பையில் மூன்று எண்கள் சேர்ந்தன. முதன்முதல் வாங்கிய எண்ணுக்குப் பணம் கட்டாது விட்டோம்; அது செயலிழந்தது. செயலிழந்த எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவர்க்கு வழங்கப்படலாம் என்பதை அன்று நாம் கருதவில்லை.

2017ஆம் ஆண்டு, மழை இரவொன்றில் ஊரில் தனித்திருந்த நம் அன்னையார் கூடத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தவழ்ந்து சென்று தொலைபேசியை எட்டிப் பிடித்து, மனப்பாடமாய் அறிந்திருந்த ஒரே எண்ணை அழுத்தினார். அது நம் பழைய எண். எடுத்தவர் அயலார், பேசியதோ அவருக்குப் புரியாத மொழி. மும்முறை அழைத்திருக்கிறார். நம் பையிலிருந்த எண்களோ மூன்றும் அமைதியாகக் கிடந்தன.

அவர் முனகலைக் கேட்டு வந்தவர் பாயின் பேரர். வேலூர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, நண்பர் ஒருவர் வழியாக நம்மைத் தேடிப் பிடித்தபோது ஃபஜ்ரு நேரம் ஆகியிருந்தது. நாம் போய் நின்றதும் அன்னையார் கேட்டது இதுதான்: "உன் நம்பருக்குத்தானே போட்டேன். அங்கே யாரப்பா இருக்கிறார்?"

எல்லா அழைப்புகளையும் ஓர் எண்ணுக்குத் திருப்பி வைக்கலாமே என்று பின்னர் முயன்றோம். அதிலும் வஞ்சகர் புகுந்தனர். பிறர் அழைப்பைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு இரகசிய எண்களைக் கவர்ந்தனர். குறியீட்டு எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பும் அம்முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட வேண்டியதாயிற்று.

அன்னையார் இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். நம் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அவர் அதனைப் பார்ப்பதேயில்லை. நம்மிடம் பேச விரும்பினால் தெருமுனைக் கடைக்குச் சொல்லியனுப்புகிறார். எந்த வேளையில் எந்த எண்ணை நாம் எடுப்போம் என்பது பாயின் பேரருக்குத் தெரியும்.