அனுபவம் எங்கே விற்கிறார்கள்?

"அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் நாம், "இல்லை" என்கிறோம். "பெற்று வாருங்கள்" என்கிறார்கள். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் வந்தால்தான் வேலை தருவார்களாம்! நீந்தக் கற்றபின் நீரில் இறங்கு என்னும் நீதி இது. மாமனோ சிற்றப்பனோ மேலிடத்தில் உள்ள பிள்ளைக்கு மட்டும் கதவு தானாகத் திறக்கிறது.

தட்டிச் சலித்த நாம், விடுமுறையில் பழவேற்காடு சென்றோம். 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய ஊர். கடலில் பொரிந்த இறால்குஞ்சு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கிறது. மணல் அடைத்தால் வரத்துக் குன்றுகிறது. நாம் இதனை ஏட்டிலே படித்தோம். இருளர் பெண்கள் ஏடின்றியே அறிவர். ஓலைப்பறியைப் பல்லால் கவ்வி, நீரில் நகர்ந்து, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். அவர்களிடம் சில நாள் பாடம் கேட்டோம். விரல் நுனியிலே ஒரு கல்லூரி!

ஆயினும், ஏரியின் நல்ல இடங்களில் வலைகட்டும் 'பாடு' உரிமை, வழிவழியாகக் குறிப்பிட்ட மீனவக் குப்பங்களின் ஆண்களுக்கே. தமக்குள் முறைவைத்துப் பங்கிடுகிறார்கள்; மெச்சத்தக்கதே. ஆனால் அவ்வட்டத்துள் இருளருக்கு இடமில்லை. அக்குப்பத்துப் பெண்ணுக்கும் இடமில்லை.

அனுபவமில்லாத நமக்கும் கதவடைப்பு. அனுபவம் நிறைந்த அவர்களுக்கும் கதவடைப்பு! எனில், உண்மையில் கேட்கப்படுவது அனுபவமா, பிறப்பா?

தோழர்களே! தொழில் கற்கச் செல்லுங்கள், உழைப்பவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். நாளை நாற்காலி நமக்குக் கிட்டும்போது, "யார் பிள்ளை?" என்று கேளாமல், "என்ன தெரியும்?" என்று கேட்போம். தெரியாதென்பாருக்குக் கற்றுக் கொடுப்போம்.