பெரிய தலை வெள்ளிக்காசு

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்தப் பாட்டியின் வீடு. மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், கடைசி மாத வாடகைக்குப் பதிலாக ஒரு காசைக் கொடுத்துவிட்டுப் போய் பல வருஷமாகிறது. பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்காக அதை அடகுக் கடைக்கு எடுத்துப்போனார் பாட்டி. "இது வெள்ளியே இல்லம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பேத்தி விடவில்லை.

சீனக்காசு நமக்குப் புதிதல்ல. பட்டுக்கோட்டை, மன்னார்குடி பக்கம் விக்ரமம், தாலிக்கோட்டை ஊர்களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஆனால், அவை நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசுகள். பாட்டியிடம் இருப்பதில் ஓட்டை இல்லை. ஒரு மொட்டைத் தலைக்காரர் இருக்கிறார். அவர் சீனக் குடியரசின் ஜனாதிபதியாக இருந்து, மன்னராகவும் ஆசைப்பட்டு, 1916-ல் இறந்துபோன யுவான் ஷிகாய். சீனர்கள் இந்தக் காசை 'பெரிய தலை யுவான்' என்பார்கள்.

தலைக்கு மேலே ஆறு எழுத்துகள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஐந்தாவது எழுத்து மூன்று கோடுகள், அதாவது 3. குடியரசின் முதல் ஆண்டு 1912 என்பதால், 1911-ஐக் கூட்டினால் 1914. இதே காசு 8, 9, 10-ஆம் ஆண்டுகளிலும் வந்திருக்கிறது. வேறு ஆண்டு இருந்தால் சந்தேகப்படலாம்.

ஆண்டு சரியாக இருந்தாலும் போலி போலிதான். உலகம் முழுக்க இதற்குப் போலிகள் ஏராளம். அசல் 39 மில்லிமீட்டர் அகலம், ஏறத்தாழ 26.8 கிராம் எடை. நம் பழைய பிரிட்டிஷ் ரூபாயைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! அதில் வெள்ளி கிட்டத்தட்ட 89 சதவிகிதம்.

பேத்தி எலெக்ட்ரானிக் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணை பூஜ்யமாக்கினாள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். தராசு காட்டியது 2.6. எடையை அதால் வகுத்தால் 10.3. வெள்ளிக்காசுக்கு வர வேண்டிய அளவு அதுதான். செம்பும் நிக்கலும் கலந்த போலியாக இருந்தால் 9-ஐத் தாண்டாது.

"அப்போ வெள்ளிதானா கண்ணு?"

"வெள்ளிதான் பாட்டி. ஆனா வெள்ளியிலயே போலி அடிக்கிறவங்களும் இருக்காங்க. நீங்க இதைத் தேய்ச்சீங்களா?"

ஒவ்வொரு பொங்கலுக்கும் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார். பளபளப்புதான் மதிப்பு என்று நாம் நினைக்கிறோம். சேகரிப்பாளர்களோ, தேய்த்த காசு என்றாலே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

ஃபீஸுக்குப் பாட்டி வளையலை வைத்துவிட்டார். காசை ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறார்கள். செமஸ்டர் லீவில் சென்னைக்கு எடுத்துப்போய், நாணயம் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டப் போகிறாள் பேத்தி.