தம்பிக்குப் பதினெட்டு

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு சொந்தக்காரர் ஆரம்பித்துவிடுவார். "அம்மா அப்பாவுக்கு அப்புறம் இவன யாரு பாத்துக்குவா?" கேட்டவர் கண் நேராக என் பக்கம் திரும்பும். நான் இலையில் இருக்கும் வடையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தம்பி மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவன் வளர வளர எனக்குப் பயமும் வளர்ந்தது, அவ்வளவுதான். அவன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறந்த வீடு வரிச்சிக்குடியில், காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில். இந்தப் பக்கம் புதுச்சேரி; வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. நான் வாழ்க்கைப்பட்டது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொறையாறில். பெட்ரோல் போடவும் பாட்டில் வாங்கவும் ஜனங்கள் இந்தப் பக்கம் வருவார்கள். அந்த எல்லைக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று எனக்குப் புரிந்தது பிறகுதான்.

தம்பிக்கு அறிவுத்திறன் குறைபாடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவனைப் போன்றவர்களுக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு தொழிற்பயிற்சி, வேலை என்றெல்லாம் அதே சட்டம் பேசத்தான் செய்கிறது. காலையில் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிற வேன் மட்டும் அந்த அத்தியாயங்களில் இல்லை.

அந்தப் பதினெட்டாவது பிறந்தநாளோடு இன்னொன்றும் முடிகிறது. பெற்றவர்கள் சட்டப்படி காப்பாளர்கள் இல்லை என்றாகிவிடுகிறது. எங்களுக்கு இது தெரிந்த இடம் ஒரு வங்கிக் கவுண்டர். "தம்பி மேஜர் ஆயிடுச்சும்மா. இனிமே நீங்க கையெழுத்துப் போட முடியாது, அவரே போடணும்" என்றார் அங்கிருந்தவர். தம்பி பேனாவை வாங்கி, படிவத்தின் ஓரத்தில் அழகாக ஒரு வட்டம் போட்டான். அம்மா பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வழி இருந்தது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கலாம். கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டாம். அந்தச் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சொல்லிவிட்டது. காப்பாளர் ஆனவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒரு சைக்கிள், ஒரு ரேடியோ, ஒரு பாஸ்புக் என்று அப்பா எழுதினார். மாற்றுத்திறனாளி சான்றிதழையும் இந்தக் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-இல் வாங்குவது ஆயுளுக்கும் போதும்.

காகிதம் ஒருவழியாக முடிந்தது. பகல் பொழுதை என்ன செய்வது? அதற்கு அவன் டீச்சரைத்தான் கும்பிட வேண்டும். அவனுக்குப் பதினாலு வயதிருக்கும்போதே, "பேரெழுதப் பழக்கினது போதும்மா, கடைக்குப் போகப் பழக்குங்க" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கோபம். எனக்கும்தான். பையனைப் படிக்கவைக்கச் சொன்னால் கடைக்கு அனுப்பச் சொல்கிறாரே!

இப்போது காலை நேரத்தில் அவன் தெருமுனை மளிகைக் கடையில் இருக்கிறான். காசு எண்ணத் தெரியாது. ஆனால் எலக்ட்ரானிக் தராசில் சிவப்பு எழுத்தில் 1.000 வருகிறவரை சீனியைக் கொட்டுவான். 1.005 வந்தால் விடமாட்டான், விரல் நுனியால் கிள்ளி எடுப்பான். கடைக்கார அண்ணன் "போதும்டா தம்பி, அஞ்சு கிராம்தானே" என்றால் முறைப்பான். முன்பெல்லாம் அவன் பேச்சு எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் புரியும். இன்று சீனி வாங்க வருகிற பாதித் தெருவுக்குப் புரிகிறது. என் பயம் கொஞ்சம் இறங்கியது காப்பாளர் சான்றிதழைப் பார்த்து அல்ல, இதைப் பார்த்துத்தான்.

எங்களுக்குப் பிறகு இவன் உன்னோடு பொறையாறில் இருக்கட்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் பயந்ததும் அதற்குத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனுடைய அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். வருடத்துக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீடும் மத்திய அரசுத் திட்டம்தான், ஆறு தாண்டும். புதுச்சேரி அரசின் உதவித்தொகை தாண்டாது. அந்தப் பக்கம் போனால் முதலிலிருந்து மனுப் போட வேண்டும். தராசும் அந்தத் தெருவும் எந்த மனுவுக்கும் கிடைக்காது.

"அவன் இங்கயே இருக்கட்டும்மா, நான் இங்க வந்துடுறேன்" என்றேன்.

"மாப்ள என்ன சொல்வாரு?" என்றாள் அம்மா.

அவரிடம் இன்னும் பேசவில்லை. பொறையாறிலிருந்து தினம் வந்துபோகிற தூரம்தான் என்பதை முதலில் சொல்லலாம் என்றிருக்கிறேன்.