பாத்ரூம் தானா போவாங்களா?

'அசிஸ்டெட் லிவிங்'னு கூகுள்ல போட்டுப் பாருங்க. எனக்கு வரிசையா வந்தது கோயம்புத்தூர் வில்லா விளம்பரங்கள். தோட்டம், யோகா ஹால், நடைபாதை. நல்லா நடக்கிற, நல்ல பென்ஷன் வாங்குற பெரியவங்களுக்கான இடம் அதெல்லாம். ஜெயமங்கலத்துல தனியா இருந்து, விழுந்து, இடுப்பெலும்பு உடைஞ்ச 76 வயசு பாட்டிக்கு அதுல ஒண்ணும் இல்லை.

அந்தப் பாட்டி எங்க அம்மாச்சியோட தங்கச்சி. எனக்குச் சின்ன அம்மாச்சி. பிள்ளைங்க கிடையாது, தாத்தாவும் இல்லை. ஆபரேஷன் முடிஞ்ச ஆறாவது நாள், "நாளை மறுநாள் கூட்டிட்டுப் போயிரலாம்"னு டாக்டர் சொல்லிட்டார். எங்க கூட்டிட்டுப் போறது? அவங்க வீட்ல கக்கூஸ் கொல்லையில, மூணு படி இறங்கி. அதுவும் குத்தவைக்கிற மாதிரி. அவங்களோ இன்னும் மூணு மாசத்துக்குக் குத்தவைக்கவே கூடாது. எங்க வீடு தேனியில மாடி போர்ஷன், அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க.

போன் பண்ற வேலை என்கிட்ட வந்துச்சு. ஏழு ஹோமுக்குப் பேசினேன். எல்லாரும் முதல்ல கேட்டது ஒரே கேள்வி: "பாத்ரூம் தானா போவாங்களா தம்பி?" இல்லைன்னதும் அஞ்சு இடத்துல, "நடக்கிறவங்கள மட்டும்தான் சேர்ப்போம்"னு வச்சிட்டாங்க. கோவம் வந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரியில ரெண்டு ராத்திரி கூட இருந்தவனுக்கு அந்தக் கணக்கு புரியும். படுக்கையில இருக்கிறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா புண் வந்துரும். அதுக்கு ராத்திரி முழிச்சிருக்க ஆள் வேணும். 'முதியோர் இல்லம்'ங்கிற ஒரே பேருக்குள்ள ரெண்டு வேலை இருக்கு. தங்க இடம் குடுக்கிறது ஒண்ணு, கவனிச்சுக்கிறது இன்னொண்ணு. நான் பேசின இடங்கள்ல முதல் வேலைதான் அதிகம்.

அவசரம்னா 14567 ஞாபகம் வச்சுக்கோங்க. மூத்த குடிமக்களுக்கான இலவச எண், காலை 8 முதல் ராத்திரி 8 வரை.

தேடும்போது 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தையும் படிச்சேன். மாவட்டத்துக்கு ஒண்ணாவது, 150 ஏழை முதியோர் தங்குற மாதிரி, மாநில அரசு இல்லம் அமைக்கலாம்னு 19-ஆம் பிரிவு சொல்லுது. கவனிங்க, 'அமைக்கலாம்'. பிள்ளை இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு: சொத்து யாருக்கு வருமோ, அந்த வாரிசுகிட்ட பராமரிப்புக் கேட்டு மனு குடுக்கலாம். மாசம் அதிகபட்சம் 10,000 ரூபாய். நம்ம பக்கத்துக்குப் பெரியகுளம் ஆர்.டி.ஓ.

இங்கதான் சிக்கல். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளை இல்லாத விதவையோட சொத்து புருஷன் வீட்டு வாரிசுகளுக்குத்தான் போகும். அதாவது தாத்தாவோட தம்பி மகனுக்கு. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. மனுவைப் பத்திச் சொன்னதும் சின்ன அம்மாச்சி என்னை முறைச்சாங்க. "கொழுந்தன் மகன் மேல மனுக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட அந்தத் தெருவுல இருக்க?" சட்டம் எழுதினவங்க யாரும் ஜெயமங்கலத்துத் தெருவுல குடியிருந்திருக்க மாட்டாங்க.

ஏழாவது ஹோம், வத்தலகுண்டு பக்கம். மூணு மாசத்துக்கு மட்டும் சேர்த்துக்கிறோம்னாங்க. மாசம் 15,000, டயப்பர் தனி. அம்மா சொல்லாம கொள்ளாம சாப்பாட்டு நேரத்துல போய் நின்னாங்க. பகல்ல எல்லா ஹோமும் நல்லாத்தான் இருக்கும்னு, ராத்திரி டியூட்டி அக்காவையும் பார்த்துப் பேசிட்டுத்தான் வந்தாங்க. நீங்களும் அதையே பண்ணுங்க.

சேர்த்த அன்னிக்கு, "என்னைய இங்க தள்ளிட்டீகளாத்தா?"ன்னு கேட்டாங்க. அம்மா, "மூணே மாசம் சித்தி"ன்னாங்க. ரெண்டு பேரும் அதுக்கப்புறம் பேசல.

இப்ப அஞ்சாவது வாரம். வாக்கரைப் பிடிச்சு ஜன்னல் வரைக்கும் நடக்குறாங்க. ஜெயமங்கலத்து வீட்டுல வெஸ்டர்ன் கக்கூஸ் மாட்டியாச்சு. மூணு படிக்குப் பதிலா சரிவுதான் பாக்கி. சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் கணக்குப் போட்டுக் குடுத்தான். படி உயரம் 45 செ.மீ., ஒண்ணுக்குப் பன்னெண்டுன்னு வச்சா 5.4 மீட்டர் நீளம் வேணும். கொல்லையோட நீளமே 4 மீட்டர்தான். எல் மாதிரி திருப்பிப் போட்டா இடம் பத்தும், ஆனா துவைக்கிற கல்லை எடுக்கணும். அதை எடுக்கக் கூடாதுன்னு சின்ன அம்மாச்சி போன்லயே சொல்லிட்டாங்க.