கொதிக்கும் கல்லும் பதினேழாம் பக்கமும்

பொன்னமராவதியில் என் தந்தையார் லாரிப் பட்டறை வைத்திருந்தார். பேருந்து நிலையத்திலிருந்து கொன்னையூர் செல்லும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை, நடுவே ஒரு பள்ளம், சுவரெங்கும் எண்ணெய்க் கறை. பங்குனி மாதம் கொன்னையூர் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் நெரியும் நாட்களில் சிறப்புப் பேருந்துகளும் வேன்களும் வரிசையில் நிற்கும். வண்டியைத் தொடுவதற்கு முன் அவர் அதன் பின்னால் போய் நின்றுகொள்வார். "ஒரு தடவை ரேஸ் குடு" என்பார். புகையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதி. நீலம் கலந்திருந்தால் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. வெள்ளையென்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. நாற்பது ஆண்டுகள் அப்படிப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் சுவாசிக்கவும் செய்தார் என்பது எங்களுக்கு வெகுகாலம் உறைக்கவில்லை. டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது 2012-ல்தான். அப்பாவுக்குப் புற்றுநோய் இல்லை. இருமல் மட்டும் உண்டு, மார்கழியில் தொடங்கி மாசி வரைக்கும்.

நான் வேதியியல் படித்துவிட்டுச் சென்னையில் காப்புரிமைத் தேடல் வேலையில் சேர்ந்தேன். இது என்ன வேலை என்று இலக்கிய நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் உ.வே.சா.வின் பெயரை இழுப்பது வழக்கம். ஒரு பாட்டின் ஒரு சொல்லுக்காக அவர் ஊர் ஊராய் ஏடு தேடினார் அல்லவா? நாங்களும் ஏடு தேடுகிறவர்களே. ஒருவர் 'இது என் கண்டுபிடிப்பு' என்று விண்ணப்பிக்கிறார். உலகின் எந்த மூலையிலாவது, எந்த மொழியிலாவது, யாராவது அதை முன்பே அச்சில் சொல்லியிருக்கிறார்களா என்று தேட வேண்டும். அவர் தேடியது பாடத்தைக் காப்பாற்ற. நாங்கள் தேடுவது பெரும்பாலும் விண்ணப்பத்தைக் கவிழ்க்க. வேறுபாடு பெரிதுதான்.

என் மேசைக்கு அடிக்கடி வந்தவை ஜியோலைட்டுகள். 1756-ல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லை ஊதுகுழல் நெருப்பில் காட்டியபோது அது நுரைத்துப் பொங்கியதாம். கிரேக்கத்தில் 'கொதி', 'கல்' என்ற இரு சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார். அலுமினியமும் சிலிக்கனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கட்டிய கூடு அது. கூட்டின் அறைகளுக்குள் நீர் குடியிருக்கிறது. சூடேற்றினால் நீர் ஆவியாக ஓடிவிடும், கூடு அப்படியே நிற்கும். காலியான அறைகளில் நமக்கு வேண்டிய உலோகத்தைக் குடியமர்த்தலாம். புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைகளில் இதைத் தேடிப் பயனில்லை. தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில், நாசிக், புனே, ஜல்காவ் பக்கம், படிகம் படிகமாகக் கிடைக்கிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கும் அழகிய ஜியோலைட்டுகளில் கணிசமானவை அங்கிருந்து போனவை.

ஒருமுறை புனே சென்றபோது ஸ்டில்பைட் என்ற வகையில் ஒரு சிறு துண்டு வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் யோசிக்கவேயில்லை. அதிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து இடுக்கியில் பிடித்துக் கேஸ் வெல்டிங் சுடரில் காட்டினார். சில்லு விசிறிபோல் விரிந்து, உப்பி, வெள்ளையாய்ப் பொங்கியது. "அட, பொரி மாதிரி வருதே" என்றார். குரோன்ஸ்டெட்டுக்குப் பின் இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே ஆச்சரியம் எங்கள் பட்டறையில் நிகழ்ந்தது.

இந்தக் கல்லுக்கும் வண்டிப் புகைக்கும் என்ன தொடர்பு என்பதை அவருக்கு விளக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. டீசல் எஞ்சினின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. நுரையீரலை அரிப்பவை, வெயிலில் ஓசோனாக்கத்துக்குத் துணைபோகிறவை. அவற்றின் மீது அம்மோனியாவைச் செலுத்தினால், தக்க வினையூக்கி இருக்குமானால், இரண்டும் சேர்ந்து வெறும் நைட்ரஜனும் நீருமாகிவிடும். செம்பைக் குடியேற்றிய ஜியோலைட் அந்த வினையூக்கிகளில் ஒன்று. அம்மோனியாவுக்காக வண்டியில் தனியே ஒரு தொட்டியில் யூரியாக் கரைசல், நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா. எல்லாம் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "நீ சொல்ற புகைக்கு நெறமே இல்லையேடா. கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எப்படி வைத்தியம் பாக்குறது?"

அந்தக் கேள்வியில் அவர் தொழிலின் முடிவு இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் நடப்புக்கு வந்தன. ஐந்தாம் படியைத் தாண்டிக் குதித்த பாய்ச்சல் அது. புதிய வண்டிகளின் பின்னால் போய் நின்றால் அவருக்கு வாசிக்க ஒன்றுமில்லை. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றிய ஓட்டுநர் ஒருவரின் வண்டி பட்டறைக்கு வந்தது. அதிலுள்ள கசடு வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடும். கணினி இல்லாமல் அப்பாவால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு பட்டறையை மூடினார்.

காப்புரிமைக்கு வருகிறேன். செம்பு ஜியோலைட்டுகளைப் பற்றிய பழைய பத்திரங்கள் எழுபதுகளிலேயே உண்டு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்யும்போது வெப்பம் மிகும், நீராவியும் சேர்ந்துகொள்ளும். இசட்.எஸ்.எம்-5 போன்ற நடுத்தரத் துளையுள்ள ஜியோலைட்டுகளின் கூட்டிலிருந்து அலுமினியம் பெயர்ந்து கூடு தளர்ந்துவிடும். சபசைட் என்னும் வகையின் வாசல் இன்னும் சிறியது, சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம். பெயரும் அலுமினியம் அந்த வாசல் வழியே வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். இந்தச் சபசைட்டுக்கு 1792-ல் பெயரிட்டவர், கற்களின் மகிமையைப் பாடும் ஒரு பழைய கிரேக்கக் கவிதையிலிருந்து அச்சொல்லை எடுத்தார். ஆர்ஃபியஸ் பாடியதாகச் சொல்லப்படும் கவிதை. நாவோட்டத்தில் யாரோ பாடிய கல், லாரிகளின் அடிவயிற்றில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

செம்பேற்றிய சபசைட்டுக்கு அமெரிக்காவில் 2009-ல் வழங்கப்பட்ட காப்புரிமையின் எண் 7,601,662. அதன் முதல் உரிமைக்கோரல் ஒரே வாக்கியம். சிலிக்கா, அலுமினா விகிதம் 'சுமார் 15 முதல் சுமார் 150 வரை', செம்புக்கும் அலுமினியத்துக்குமான விகிதம் 'சுமார் 0.25 முதல் சுமார் 1 வரை'. அந்த வாக்கியத்தைச் சுற்றிப் பெருநிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டின. 'சுமார்' என்ற சொல்லின் மேல் வழக்கறிஞர்கள் இவ்வளவு செலவழிப்பார்கள் என்று தமிழாசிரியர் எவரும் நம்பமாட்டார். இன்னொரு வழக்கில், பொருள் ஒன்று 'வினையூக்கவல்லது' என்று மட்டும் சொன்னால் அது தெளிவான சொல்லா, மங்கலான சொல்லா என்பதே பிரச்சினை. மங்கல் என்றது டெலாவேர் மாவட்ட நீதிமன்றம். துறை அறிந்தவருக்குத் தெளிவுதான் என்று 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நம் இலக்கியச் சண்டைகளில் இவ்வளவு நுட்பமாக ஒரு சொல்லை யாரும் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையின் மீது எழுப்பப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவில் 'டி' என்றொரு உட்பிரிவு இருக்கிறது. அறிந்த பொருளின் புதிய வடிவம், அதன் அறிந்த பயன்திறனைக் கூட்டாவிட்டால், கண்டுபிடிப்பாகாது. 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை மறுத்தபோது உலகம் இந்த உட்பிரிவைத் திரும்பிப் பார்த்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் அந்த மறுப்பை உறுதிசெய்தது. பயன்திறன் என்பது அந்தப் பொருள் எதற்காக இருக்கிறதோ அதைக்கொண்டே அளக்கப்பட வேண்டும் என்றது தீர்ப்பு. மருந்தென்றால் குணப்படுத்தும் திறன். வினையூக்கி என்றால்? புதிதாக இருக்கும்போது எவ்வளவு வேலை செய்கிறது என்பதா, 850 பாகை வெப்பத்தில் நீராவியில் வெந்து வெளியே வந்தபின் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதா? எனக்கு எப்போதும் இரண்டாவதே சரியென்று தோன்றியிருக்கிறது. வண்டி புதிதாக இருப்பது சில நாட்களுக்குத்தான்.

இவ்வளவு தெரிந்த நானே செய்த ஒரு காரியத்தை எழுதத்தான் இதைத் தொடங்கினேன்.

அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். இரண்டு மாணவர்களுடன் சேர்ந்து, செம்பேற்றிய சபசைட்டில் வேறொரு உலோகத்தை மிகச் சிறிதளவு சேர்த்து ஒரு வினையூக்கி செய்திருந்தார். விண்ணப்பமும் தானே எழுதியது. காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்துவிட்டது: புதுமையில்லை, முன்பே உள்ள இன்ன இன்ன பத்திரங்களைக் காண்க. பதிலளிக்க அன்று பன்னிரண்டு மாதம் அவகாசம், அதில் பெரும்பகுதி கழிந்திருந்தது. பதில் சொல்லலாமா, விட்டுவிடலாமா என்று கருத்துரைக்கும் வேலை எங்கள் நிறுவனம் வழியாக என்னிடம் வந்தது. அன்று என் மேசையில் இன்னும் நான்கு கோப்புகள் இருந்தன. உரிமைக்கோரல்களை வாசித்தேன். அகலமாக, பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார். ஆய்வாளர் சுட்டிய பத்திரங்களுக்குள் அவை முழுதும் அடங்கிவிட்டன. ஆய்வாளர் சொன்னது சரி. 'வெற்றிக்கு வாய்ப்பில்லை' என்று ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அவர்கள் பதில் தரவில்லை. அவகாசம் முடிந்தது. இருபத்தொன்றாம் பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டது.

சில வாரங்களுக்குப் பிறகு அவர் தொலைபேசியில் அழைத்தார். கோபம் இல்லை. "தம்பி, உங்க அறிக்கையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். பதினேழாம் பக்கம் பாத்தீங்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. வைத்த பிறகு கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தில் இரண்டாம் அட்டவணை. ஒரு குறிப்பிட்ட விகிதத்தில், அந்த ஒரே விகிதத்தில், நீராவியில் வெந்த பின்னும் அவருடைய மாதிரி ஏறக்குறைய புதியதைப் போலவே வேலை செய்திருந்தது. பக்கத்து விகிதங்களெல்லாம் சரிந்துகிடந்தன. சுட்டப்பட்ட பழைய பத்திரங்கள் எதிலும் அது இல்லை. அவர் அதை உரிமைக்கோரலில் எழுதவில்லை. எழுத வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. ஆனால் விவரணத்தில் உள்ளதைக் கொண்டு உரிமைக்கோரலைக் குறுக்கிக்கொள்ளச் சட்டத்தின் ஐம்பத்தொன்பதாம் பிரிவு இடம் தருகிறது. அந்த ஒரே விகிதத்துக்குக் குறுக்கி, அட்டவணையை முன்வைத்து வாதாடியிருக்கலாம். கிடைத்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வாதாடத் தக்கது என்று சொல்வேன். அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பட்டறை அப்போது நடந்துகொண்டிருந்தது. பள்ளத்துக்குள்ளிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "பேனட்டைத் தூக்காமலே விலை சொல்லியிருக்கே" என்றார். பிறகு பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துத் தரச் சொன்னார்.

கைவிடப்பட்ட விண்ணப்பத்துக்கு ஒரு விநோத வாழ்வு உண்டு. பதினெட்டு மாதம் கழிந்து அது இதழில் வெளியாகிவிட்டதால், யாருக்கும் சொந்தமில்லாவிட்டாலும், உலகறிந்த செய்தியாக அது நிற்கும். பின்னால் வருகிறவர் அதையே தம் கண்டுபிடிப்பென்று கேட்க முடியாது. ஆண்டுக்கொரு முறை அவருடைய விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பட்டறை மூடிய ஆண்டில்தான் அது ஒரு சர்வதேசத் தேடல் அறிக்கையில் அகப்பட்டது. வெளிநாட்டுப் பெருநிறுவனமொன்றின் விண்ணப்பத்துக்கு எதிராக, அயல்நாட்டு ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். அத்தகைய அறிக்கைகளில் ஒவ்வொரு ஆவணத்தின் அருகிலும் ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் வெறும் பின்னணி. ஒய் என்றால் வேறொன்றுடன் சேர்த்துப் பார்க்கத் தக்கது. எக்ஸ் என்றால் அது தனியாகவே போதும்.

பழைய எண்ணுக்கு அழைத்தேன். அவரே எடுத்தார். குரல் மெலிந்திருந்தது. பெயர் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. செய்தியைச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எக்ஸா, ஒய்யா?" என்றார்.

"எக்ஸ்தான் ஐயா."

"எந்தப் பக்கத்தைச் சொல்லியிருக்கான்?"

"பதினேழாம் பக்கம். இரண்டாம் அட்டவணை."

"சரி தம்பி" என்றார். "அவன் பாத்திருக்கான்."