நாலு லிட்டர் பியரும் அம்மாவின் அடுப்படியும்

கள்ளை இறக்குவார்கள். சாராயத்தைக் காய்ச்சுவார்கள். மாவைப் புளிக்க வைப்பார்கள். வீட்டில் பியர் செய்வதற்கு மட்டும் நம்மிடம் பொருத்தமான ஒரு வினைச்சொல் இல்லை. "வீட்ல பியர் காய்ச்சுறேன்" என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். காய்ச்சுவது என்றாலே போலிசும் ரப்பர்க் காடும் புதைத்து வைத்த பீப்பாயும்தான் நம்மவர்களுக்கு ஞாபகம் வருகிறது.

சிங்கப்பூரில் இதை ஒளிந்து செய்ய வேண்டியதில்லை. 18 வயது நிரம்பியவர் தம் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு, பியர், ஒயின் போன்ற புளிக்க வைத்த பானங்களை உரிமம் இல்லாமல் செய்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு போத்தலைக்கூட விற்கக்கூடாது. ஆவியாக்கி வடிக்கும் சாராய வகைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. நான் ஒரு தடவைக்குச் செய்வது நாலு லிட்டர். ஆகவே சட்டத்தோடு எனக்குத் தகராறு இல்லை. தகராறெல்லாம் அம்மாவோடுதான்.

அம்மாவுக்கு வயது 74. கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர். தாத்தா பால்மரம் வெட்டினார். வேலை முடிந்து குளித்துவிட்டு நேரே கள்ளுக்கடைக்குப் போவார். அழைத்து வர அம்மாவைத்தான் அனுப்புவார்களாம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை. உள்ளே போகக்கூடாது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிட வேண்டும். சம்பள நாளில் மட்டும் பாட்டியும் கூட வருவார். பையில் மிச்சமிருப்பதை வாங்கத்தான்.

அந்த வட்டாரத்தில் கள்ளை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. போர் முடிந்த கையோடு, ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை என்று திரண்ட தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங் பக்கம் போலிசோடு மோதும் அளவுக்கு அது போனது. அம்மா பிறப்பதற்கு முந்திய கதை. ஆனால் பாட்டி அந்தப் படைக்காரர்களைப் பற்றிக் கடைசி வரைக்கும் மரியாதையாகத்தான் பேசுவார். தாத்தாவைப் படையும் மாற்றவில்லை, பாட்டியும் மாற்றவில்லை. பிற்காலத்தில் அவர் கள்ளிலிருந்து சம்சுவுக்குப் போனார். ஐம்பது வயதைப் பார்க்கவில்லை. அம்மா 14 வயதில் மங்கு கழுவ, மரம் வெட்ட இறங்கிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், போன ஆண்டு ஒரு கிலோ மால்ட் பாக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில் கொண்டு வந்து வைத்தேன்.

"என்னடா இது?"

"மால்ட்மா. பார்லிய முளைகட்டி, காய வெச்சு, லேசா வறுத்தது."

இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "கேவுற முளைகட்டிக் காய வெச்சு அரைச்சுக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவமே, அது மாதிரி இருக்கு." அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றின் வேலை. குழந்தைக்குச் சீக்கிரம் செரிப்பதும் அதனால்தான், பியர் உண்டாவதும் அதனால்தான்.

"இத வெச்சு என்ன செய்யப் போற?"

சொன்னேன். கையில் மிச்சமிருந்த மணியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவினார். இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் நிபந்தனைகள் வந்தன. வெள்ளிக்கிழமை அடுப்பைத் தொடக்கூடாது. அவருடைய பாத்திரம் எதையும் எடுக்கக்கூடாது. சொந்தக்காரர் யாருக்கும் தெரியக்கூடாது. "அப்புறம், ஒரு நாளைக்கு ஒன்னு. ரெண்டாவது போத்தலப் பாத்தேன், எல்லாத்தையும் சிங்க்ல ஊத்திருவேன்." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

டின்னில் வரும் மால்ட் சாற்றைத் தண்ணீரில் கரைத்தும் பியர் செய்யலாம். அது பாக்கெட் மாவில் இட்லி சுடுவது மாதிரி. தப்பில்லை, ஆனால் எனக்குத் தானியத்திலிருந்து தொடங்கவே ஆசை. பெரிய அளவில் செய்ய மூன்று பாத்திரம், பம்பு என்று போகும். நாலு லிட்டருக்கு அதெல்லாம் தேவையில்லை. ஒரு பத்து லிட்டர்ப் பானை, ஒரு துணிப்பை, ஒரு வெப்பமானி போதும். வீவக வீட்டு அடுப்பே தாராளம்.

கடையிலேயே உடைத்துக் கொடுத்த மால்ட்டைத் துணிப்பையில் போட்டு, ஆறு லிட்டர் வெந்நீரில் அமிழ்த்தி, 66 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மொத்த வித்தையும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். 63 பக்கம் இறங்கினால் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடும், பியர் மெலிந்து வரும். 70 பக்கம் ஏறினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி, பியர் கனத்து இனிக்கும். அதற்கும் மேலே விட்டால் நொதிகளே செத்துப்போகும். சூடு இறங்காமலிருக்கப் பானையைப் பழைய போர்வையால் சுற்றி வைத்தேன். அம்மா வந்து முகர்ந்து பார்த்து, "ஹார்லிக்ஸ் வாசம்" என்றார். ஹார்லிக்சும் முளைகட்டிய பார்லியில் செய்வதுதான்.

மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. வெள்ளைத் தட்டில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, மருந்துக்கடை அயோடினை ஒரு சொட்டு சேர்ப்பது. கருநீலமானால் இன்னும் மாவு இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் முடிந்தது. இந்தச் சோதனை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு, உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு என்று அன்று மதியம் பாதி அயோடின் காலி.

பையைப் பிழிந்து எடுத்த பிறகு, அந்த இனிப்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். கொதி வந்ததும் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும், இறக்கும்போது போடுவது மணத்தைத் தரும். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ, அரைத்துக் குளிகையாக விற்கிறார்கள். கசப்புக்கு ஐந்து கிராம், மணத்துக்குப் பத்து. பிறகு சீக்கிரம் ஆற்ற வேண்டும். குளிர்நாட்டில் குழாய்த் தண்ணீரே போதும். நம் குழாயில் வருவதே வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், சிங்க்கில் ஐஸ் கொட்டிப் பானையை உட்கார வைத்தேன். ஆறிய பின் அதில் படும் கரண்டி, புனல், ஜாடி எல்லாம் கிருமிநீக்க நீரில் முக்கி எடுத்தவையாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் அம்மா என்னைவிடக் கறார். ஈரக்கையை ஊறுகாய் ஜாடிப் பக்கம் கொண்டு போனாலே சத்தம் போடுகிறவர் அவர்.

ஈஸ்ட்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். ஏல் வகைப் பியருக்கான சாதாரண ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நம் வீட்டில் 30. அந்தச் சூட்டில் அது தறிகெட்டு ஓடி, நகப்பூச்சு வாசத்தைக் கொண்டுவந்துவிடும். ஐஸ் போத்தல்களை மாற்றி மாற்றி வைத்துக் குளிரூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு வழி கிடைத்தது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் 30, 35 டிகிரியில்தான் உற்சாகமாக வேலை செய்கிறது. பனி கொட்டும் ஊரிலிருந்து வந்த அதற்கு நம் ஊர்ச் சூடு சொர்க்கம். ஒவ்வொரு முறை பியர் செய்யும்போதும் கொஞ்சத்தை மரவளையத்தில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "பழைய மாவுல ஒரு கரண்டி எடுத்து வைக்கிற மாதிரியா?" என்றார். அப்படித்தான். இதை ஒரு வெள்ளைக்காரப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஜாடியின் மூடியில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய் இருக்கும். வாயு அதில் "களக், களக்" என்று வெளியேறும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, "அது இன்னும் பேசிக்கிட்டே இருக்கு" என்றார். நாலாம் நாள், "பேச்ச நிறுத்திருச்சு" என்றார். ஹைட்ரோமீட்டரை மிதக்க விட்டேன். ஆரம்பத்தில் 1.050 காட்டியது 1.010க்கு இறங்கியிருந்தது. வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.2 விழுக்காடு மது.

"கள்ளு எவ்வளவு இருக்கும்?"

"நல்லாப் புளிச்சா, கிட்டத்தட்ட இவ்வளவுதான்மா."

"அப்ப இது கள்ளுதான்."

எனக்குப் பதில் வரவில்லை. வித்தியாசம் அந்தத் திரவத்தில் இல்லை என்று விளக்கியிருக்கலாம். லயத்தைவிட்டால் போக்கிடம் இல்லாத ஆட்களுக்கு, கூப்பிடு தூரத்திலேயே கடை வைத்து, தினமும் ஊற்றிக் கொடுத்தார்கள். எனக்கோ பத்துப் போத்தலுக்கு மூன்று வாரம் ஆகிறது. இதெல்லாம் உண்மைதான். வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்ட பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போத்தலில் அடைக்கும்போது லிட்டருக்கு ஏழு கிராம் சீனி. மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்றுதான் நுரை உண்டாகும். கைக்கு வந்தபடி போட்டால் போத்தல் வெடிக்கும், கண்ணாடி பறக்கும். ஆகவே தராசில் நிறுத்துப் போட்டு, போத்தல்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரண்டு வாரம் வைத்தேன். அடியில் தங்கிய வண்டல் போக, பத்துப் போத்தல் தேறியது. கலங்கலான தேன் நிறம், ஆரஞ்சுத் தோல் வாசம். கடைப் பியரைவிட நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பேரங்காடியின் மலிவுப் பியரைவிட நன்றாகவே இருந்தது. காசு மிச்சமாகும் என்று மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம். கருவிகளுக்கு ஆன செலவு ஈடாகவே பல மாதம் ஆகும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

அம்மா குடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளாசை வாங்கி முகர்ந்து பார்த்தார். "அந்த வாசம் இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிழிந்த மால்ட் சக்கையைத் தூக்கிப் போட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. கோதுமை மாவோடு சேர்த்துப் பிசைந்து சப்பாத்தி சுட்டார். கொஞ்சம் நறநறவென்று, நன்றாகவே இருந்தது.

சமையலறை நாட்காட்டியில் பென்சில் கோடுகள் விழுவதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். நான் திறக்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு கோடு. பத்துப் போத்தலும் தீர்ந்த அன்று ஒன்பது கோடுகள்தான் இருந்தன.

"ஒன்னு குறையுதே?"

"பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கொடுத்தேன்மா. அவருக்குப் பியர் பிடிக்கும்."

"அவரு வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டியா?"

அடுத்த நாலு லிட்டரிலிருந்து அந்த நிபந்தனையும் சேர்ந்துகொண்டது.