சமையற்கட்டின் மேல் விழும் பழி

நடுவயதினர் ஒருவர் மாரடைப்பால் மரித்துவிட்டால், எங்கள் பேரையூர்ப் பகுதியில் அடக்கத்துக்கு வருவோர் காரணத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுகின்றனர். எண்ணெய், முட்டை, ஆட்டுக்கறி! இறுதியில் பழி போய் நிற்பது சமையற்கட்டில். அதாவது, தாலியிழந்து மூலையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் மேல். பங்குப் பணியில் பல இழவு வீடுகளில் இதை நாம் கேட்டிருக்கிறோம். இப்பழி எவ்வளவு தூரம் நியாயமானது?

கொழுப்பு நீரில் கரையாது. ஆதலால் அது புரதத்தோடு சேர்ந்த நுண்ணிய துகள்களில் ஏறி இரத்தத்தில் பயணம் செய்கிறது. இத்துகள்களே லிப்போபுரதங்கள். வழக்கமான சோதனை, துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலை அளக்கிறதே தவிர, துகள்களை எண்ணுவதில்லை. திருமங்கலம் சாலையில் நெரிசல் உண்டாவது வண்டிகளின் பெருக்கத்தால் அன்றோ, உள்ளே இருக்கும் பயணிகளாலா? தமனிச் சுவருக்குள் புகுந்து தங்குவன துகள்களே. தீங்கு செய்யும் துகள் ஒவ்வொன்றிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று உண்டு. அதை அளந்தால் துகள்களை எண்ணியதாகும். ட்ரைகிளிசரைடு மிகுந்தும் நல்ல கொழுப்பு குறைந்தும் இருப்பது நம்மவரிடையே பரவலாகக் காணப்படும் நிலை. அத்தகையோரிடம் கொலஸ்ட்ரால் எண் சாதாரணமாயிருக்க, சிறு துகள்கள் பெருகியிருக்கக்கூடும்.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதை வழிநடத்திய சலீம் யூசுப், நம் ஆயர் பேரவை நடத்தும் பெங்களூர்த் தூய யோவான் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமையே. அப்போ-பி, அப்போ-ஏ1 ஆகியவற்றின் விகிதமும் புகைத்தலும் மாரடைப்புக்கு முதன்மையான அறிகுறிகளாக அதில் தெரியவந்தன. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது பிற நாடுகளில் ஏறக்குறைய 59, தெற்காசியாவில் 53.

இன்னொரு துகளும் உண்டு. நார்வே நாட்டு கோரே பெர்க் 1963இல் கண்டறிந்த லிப்போபுரதம்-ஏ. இதன் அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிறது. பத்தியத்தால் அதிகம் குறைவதில்லை. வாழ்வில் ஒருமுறையேனும் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென இந்திய இதயவியல் சங்கம் 2024இல் அறிவுறுத்தியது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அது மிகுதி.

நாமறிந்த ஒரு குடும்பத்தலைவர் 44 வயதில் இறந்தார். மெலிந்த உடல், பருத்திக் காட்டு வேலை, பீடி தொடாத கை; கொலஸ்ட்ராலும் சரியாகவே இருந்தது. அவர் தந்தையும் 50ஐக் காணவில்லை. ஆனாலும், "இவ கைச்சமையல்தான் எங்கண்ணனைக் கொண்டுபோச்சு, சாமி" என்று உரக்கச் சொன்னவர் அவருடைய தம்பி. சில மாதங்களுக்குப் பின், மருத்துவரின் வற்புறுத்தலால் அத்தம்பி மதுரையில் இச்சோதனை செய்துகொண்டார். முடிவு 90ஐத் தாண்டியிருந்தது. இறந்தவரின் அளவை இனி அறிய வழியில்லை. எனினும் அவ்வீட்டில் எண்ணெய்ச் சட்டியைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

உணவுக்குப் பங்கே இல்லை என்று நாம் கூறவரவில்லை. பிறவியில் வந்த இச்சுமையை மாற்ற முடியாதவர்க்கு மற்றச் சுமைகளைக் குறைப்பது இன்னும் அவசரம்: புகையிலை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். லிப்போபுரதச் சோதனையோ நாமே கேட்டுப் பெறவேண்டியது. அந்தத் தம்பியின் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் இன்னும் சோதனைக்குப் போகவில்லை. பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்கள். மருத்துவரிடம் செல்கையில் தாத்தா இறந்த வயதையும் மறவாது சொல்லும்படி அத்தாயிடம் கூறியிருக்கிறோம்.